ஏழாம் கட்டிலின் கட்டைவிரல்

பிப்ரவரி 24, திங்கள்

வேலைக்குச் சேர்ந்து இன்றோடு ஐந்து மாதம். நர்சிங் கண்காணிப்பாளர் ஆரோக்கியம்மாள் மேடம் கூப்பிட்டு அனுப்பினார்கள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நான் கேஸ் பிரசன்டேஷன் செய்ய வேண்டும். ஒரு நோயாளியைப் பற்றி டாக்டர்கள் முன்னால் இருபது நிமிடம் பேச்சு. நன்றாக அமைந்தால் வேலை நிரந்தரம். "இல்லாட்டி வேற எடம் பாத்துக்கம்மா ஐரின்" என்றார்கள், சிரித்த முகமாகவே.

கல்லூரியில் நான் ஒரே ஒரு முறை மேடை ஏறியிருக்கிறேன். நன்றியுரை. தலைமை விருந்தினருக்கு நன்றி சொல்ல மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

ஆள் கிடைத்துவிட்டார். ஆண்கள் வார்டு, ஏழாம் கட்டில், சடையாண்டி ஐயா. அறுபத்திரண்டு வயது, ஆத்தூரில் விவசாயம். பழனிக்குப் பாதயாத்திரை போனதில் வலது கால் கட்டைவிரலில் கொப்புளம். சர்க்கரை நோய் இருப்பதால் அது புண்ணாகி, ஆறாமல் கிடக்கிறது.

சம்மதப் படிவத்தை வாசித்துக் காட்டினேன். 'நோயாளியின் பெயர் வெளியிடப்பட மாட்டாது' என்ற வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அப்ப என் பேரு வராதா?"

"வராதுங்கய்யா. திரு. எஸ்-னு மட்டும்தான் சொல்லுவோம்."

"காலு என்னுது. புண்ணு என்னுது. அம்புட்டு டாக்டரும் பாக்கப் போறாக. பேரு மட்டும் எவனோ எஸ்ஸுதா?"

அரை மணி நேரம் மன்றாடினேன். கடைசியில் அவர் மனைவி பெருமாயி அம்மாதான் அதட்டி வழிக்குக் கொண்டுவந்தார். ஐயா கையெழுத்துப் போட்டு, கீழே 'முன்னாள் வார்டு உறுப்பினர்' என்று தாமாகவே சேர்த்துக்கொண்டார்.

பிப்ரவரி 27, வியாழன்

நோய் வரலாறு எடுத்தேன். கல்லூரியில் சொல்லிக்கொடுத்த வரிசைப்படி ஒன்றுவிடாமல்.

"இனிப்பு சாப்பிடுவீங்களா?"

"தொட்டு நாலு வருசமாச்சு."

பெருமாயி அம்மாவின் தலையில் கை வைத்து ஐயா சத்தியமே செய்தார். பேரன் பிறந்தநாள் கேக்கைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லையாம். கேழ்வரகுக் களி, கீரை வெஞ்சனம், சர்க்கரை இல்லாத காபி. 'இனிப்பு: இல்லை' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

கிளம்பும்போது பெருமாயி அம்மா என் கையில் ஒரு ஸ்பூன் பஞ்சாமிர்தம் வைத்தார். முருகன் பிரசாதம். எங்கள் வீட்டில் அம்மாவுக்குத் தெரிந்தால் விஷயம் சர்ச் பங்குச்சாமி வரை போகும். சொல்லப்போவதில்லை. நன்றாக இருந்தது.

மார்ச் 1, சனி

சர்க்கரை 342. இன்சுலினைக் கூட்டியும்! எனக்குப் புரியவில்லை. டாக்டருக்கும் புரியவில்லை.

மார்ச் 3, திங்கள்

டாக்டர் ராயப்பராஜ் சொல்லிவிட்டார்: சனிக்கிழமைக்குள் சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுத்துவிட வேண்டியதுதான்.

கேட்டவுடன் எனக்கு முதலில் தோன்றியது என்ன? எந்த ஸ்லைடை மாற்ற வேண்டும் என்பது. சீ. பெருமாயி அம்மா படிக்கட்டில் உட்கார்ந்து சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சர்க்கரை பார்க்கும் கருவி மீது சந்தேகம் வந்து மூன்று கருவி மாற்றினோம். நான் என் விரலையே குத்திப் பார்த்தேன். எனக்கு 96. கருவி சரி, இன்சுலின் சரி, குளிர்பெட்டி சரி. அப்புறம் எதுதான் சரியில்லை?

மார்ச் 5, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு டியூட்டிக்குப் போனேன். "நீங்களும் திருநீறு பூசுவீகளா தாயி!" என்று சடையாண்டி ஐயாவுக்கு ஒரே சந்தோஷம்.

ஈஸ்டர் வரை, இந்தத் தவக்காலம் முழுவதும் இனிப்பை விட்டுவிடுவதாக நேர்ந்திருக்கிறேன். கேன்டீனில் சர்க்கரை போடாத டீயை முகம் சுளிக்காமல் குடித்தேன். பெருமாயி அம்மா வழக்கம்போல ஒரு ஸ்பூன் கொடுத்தார். கொடுக்கிறவர் மனம் கோணக் கூடாதே, வாங்கிக்கொண்டேன்.

இன்று சர்க்கரை 351.

மார்ச் 7, வெள்ளி

எழுதவே கூசுகிறது. எழுதித்தான் ஆக வேண்டும்.

அறையில் பன்னிரண்டு பேர். ஒன்பதாவது ஸ்லைடு வரை தடங்கல் இல்லை. 'உணவு — இனிப்பு: இல்லை'. டாக்டர் ராயப்பராஜ் கேட்டார், "அப்புறம் ஏம்மா சுகர் எறங்கல?"

"அது மேலும் ஆராயப்பட வேண்டியது சார்" என்றேன். என்ன ஒரு பதில்!

அப்போது கதவு திறந்தது. சக்கர நாற்காலியில் சடையாண்டி ஐயா. முகம் வழித்து, ஆஸ்பத்திரி பைஜாமாவுக்கு மேல் வெள்ளைச் சட்டை. பின்னால் தள்ளிக்கொண்டு பெருமாயி அம்மா.

"வணக்கமுங்க. நான்தான் அந்தத் திரு. எஸ். சடையாண்டி, ஆத்தூரு."

நோயாளியின் ரகசியம் காக்கப்பட்டது என்று மூன்றாவது ஸ்லைடில் சொல்லியிருந்தேன்.

தன்னைப் பற்றிப் பேசுகிற இடத்துக்கு வெறுங்கையோடு வரக் கூடாதாம். மடியில் பஞ்சாமிர்த டப்பா. பெருமாயி அம்மா ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஸ்பூன் வைத்துக்கொண்டே வந்தார். "இவுகளும் காலைல மூணு ஸ்பூனு, ராத்திரி மூணு ஸ்பூனு எடுத்துக்கிறாக. அதனாலதான் காலு இந்த மட்டுக்கும் நிக்குது. இது நாலாவது டப்பா."

டாக்டரின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. "ஐயா, இனிப்பே தொடுறதில்லன்னீங்க?"

"இது இனிப்பா? பிரசாதமுல்ல!"

வெல்லம், வாழைப்பழம், பேரீச்சை, கற்கண்டு, தேன். அறையில் எல்லோரும் மனசுக்குள் அதைத்தான் கூட்டிக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன். மேடம் மெதுவாகக் கேட்டார்கள், "இது சிஸ்டர் ஐரினுக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா? அவுகளுக்கும் தெனம் ஒரு ஸ்பூனு குடுத்துட்டுத்தான இவருக்கே குடுப்பேன்!"

என் கை பட்டு ஸ்லைடுகள் கடகடவென்று ஓடி, ரோஜாப்பூ போட்ட 'நன்றி'யில் போய் நின்றன. ஐயோ, கண்ணு முன்னாடி நடந்துச்சே! நானே தின்னேனே! ஒரு விரலு போகப் பாத்துச்சே என்னால!

மார்ச் 8, சனி

விரலுக்கு ஒரு வாரம் தவணை கொடுத்திருக்கிறார் டாக்டர். டப்பா நர்ஸ் அறை அலமாரியில், பூட்டுக்குள்.

எனக்கும் தவணை. "இருபத்தொண்ணாந் தேதி மறுபடி பேசு. ஒன் தப்புலருந்து ஆரம்பி" என்றார்கள் மேடம். பிறகு குரலைத் தாழ்த்தி, "தவக்காலத்துல எத்தன ஸ்பூனு?"

"மூணு மேடம்."

"நேத்து நானும் ஒண்ணு முழுங்கிட்டேன். போ."

மார்ச் 12, புதன்

188. சடையாண்டி ஐயா என்னைக் கண்டால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறார். முருகனையே பூட்டி வைத்தவளாம் நான்.

மார்ச் 15, சனி

கட்டுப் பிரித்தபோது புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். ஆபரேஷன் வேண்டாம் என்றுவிட்டார் டாக்டர். கழிவறைக்குள் போய் நன்றாக அழுதுவிட்டு வந்தேன்.

மார்ச் 21, வெள்ளி

பேசினேன். முதல் ஸ்லைடு: 'இனிப்பு சாப்பிடுவீர்களா என்று கேட்டேன். வாய்க்குள் என்னென்ன போகிறது என்று கேட்கவில்லை.' யாரும் சிரிக்கவில்லை. இரண்டு டாக்டர்கள் குறித்துக்கொண்டார்கள்.

ஏப்ரல் 9, புதன்

அட்மிஷன் படிவம் புதிதாக அச்சாகி வந்திருக்கிறது. பதினான்காவது கேள்வி: 'பிரசாதம், நேர்ச்சை உணவு — என்ன, எத்தனை ஸ்பூன்?' மேடத்தின் வேலை.

சடையாண்டி ஐயா மறுபரிசோதனைக்கு நடந்தே வந்தார். புதுப் படிவத்தை நிரப்பினேன். பதினான்குக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி அவரைப் பார்த்தேன். அவர் பெருமாயி அம்மாவைப் பார்த்தார். பெருமாயி அம்மா ஜன்னலைப் பார்த்தார்.

"போன வாரம் கிருத்திகை தாயி" என்றார் ஐயா, மிகவும் தணிந்த குரலில். "அர ஸ்பூனு."

அரை ஸ்பூன் என்று எழுதினேன். கீழே, வேலை நிரந்தரம் ஆகாததால் போன மாதம் வரை எனக்குப் பதிலாக மேடம் போட்டுவந்த இடத்தில், நானே கையெழுத்துப் போட்டேன்.