கிதாரில் ஒரு குங்குமப் பொட்டு

2008, ஞாயிறு இரவு.

எலக்ட்ரிக் கிதார் ஒருவழியாக விற்றுவிட்டது. இணைய விளம்பரத்தில் ‘புதுசு மாதிரி, ஒரு கறை கிடையாது’ என்று எழுதியது நான்தான். ஆயுத பூஜைக்கு அம்மா வைத்த குங்குமம் வெள்ளைப் பெயின்டில் ஊறிக் கிடந்தது. ஒரு வாரம் தேய்த்தும் போகவில்லை.

வேலூரிலிருந்து வாங்க வந்தவர் அதைத்தான் முதலில் பார்த்தார்.

“இது என்னாங்க?”

“அம்மா பூஜைக்கு வெச்ச பொட்டுங்க. போவ மாட்டேங்குது.”

சிரித்துவிட்டார். “எங்க வீட்ல ஆம்ப்ளிஃபயருக்கே பட்டை போட்டிருக்காங்க.”

ஒயரைச் சொருகி வாசித்துப் பார்த்தார். பேசிய விலையையே கொடுத்தார். அப்பாடா என்று பெட்டியை மூடப் போனேன். அம்மா குங்குமச் சிமிழோடு வந்துவிட்டாள்.

“இருடா, வெளியூருக்குப் போவுது.”

அதே இடத்தில் புதிதாக ஒன்று வைத்தாள். அவர் துடைக்கவில்லை.