அடுப்பு மேடைக்கு ஒரு கல்

பிப்ரவரி 3, 2025, திங்கள்

காலை ஏ ஷிப்ட் முடிந்து ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையிலிருந்து நேரே எங்கள் புது வீட்டுக் கட்டடத்துக்குப் போனேன். தரைக்கு டைல்ஸ் ஒட்டி முடித்துவிட்டார்கள். அடுப்பங்கரை மட்டும் வெறும் சுவரும் குழாய் முனையுமாக நிற்கிறது. வைரக்கண்ணு மேஸ்திரி கையைக் கழுவிக்கொண்டே கேட்டார். "மேடைக்கு என்ன கல்லு சார்? கருப்பா, கலரா? பாலிஷா, சொரசொரப்பா? நீங்க சொன்னாத்தான நான் அடுத்து கை வக்க முடியும்?"

எனக்கென்ன தெரியும்? பன்னிரண்டு வருடமாக சிமெண்ட் மூட்டை கட்டுகிற மிஷினோடு மல்லுக்கட்டுகிறவன் நான். "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லித் தொலைத்தேன். எந்த வீடு? வாடகை வீட்டில் நானும் ஒரு குக்கரும்தான் இருக்கிறோம். சுவாதி ஆண்டிமடத்துக்கு, அவள் அப்பா வீட்டுக்குப் போய் ஐந்து மாதத்துக்கு மேல் ஆகிறது. மேஸ்திரிக்கும் அது தெரியும். பாவம், தெரியாதவர் மாதிரி தலையாட்டினார்.

பிப்ரவரி 5, புதன்

"அடுப்பு மேடைக்கு என்ன கல் போடலாம்? நீ சொல்வதுதான் முடிவு" என்று அவளுக்கு வாட்ஸ்அப் போட்டேன். நீல டிக் விழுந்துவிட்டது. பதில் இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

பெரம்பலூர் பைபாஸில் ஒரு கல் கடை. முதலாளி பெயர் பிரசாத், என்னைவிடச் சின்னவர், வாய் ஓயாது. கருப்பில் மட்டும் நாலு வகை காட்டினார். பிறகு சாம்பல், பழுப்பு, பச்சையோடியது. எல்லாம் சுவரில் சாய்த்து வைத்த கதவுகள் மாதிரி வரிசையாக நின்றன. "கிரானைட்டுன்னா உழைக்கும் சார். குவார்ட்ஸ்னா ஸ்டைலு. மார்பிள்னா ராஜ களை" என்றார். அரை மணியில் எனக்குத் தலை சுற்றியது.

கடைசியில் ஒரு வெள்ளை மார்பிளைப் பார்த்தேன். பால் மாதிரி இருந்தது. சுவாதிக்கு வெள்ளை பிடிக்கும். ஃபோட்டோ எடுத்துக்கொண்டு, "யாருக்கும் குடுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். இத்தனை நாளில் முதல் தடவையாக ஒரு காரியம் ஒழுங்காகச் செய்த நினைப்பு.

பிப்ரவரி 10, திங்கள்

ஃபோட்டோவுக்குப் பதில் வந்துவிட்டது!

"மார்பிளா? அடுப்பு மேடைக்கா?" அடுத்து இன்னொன்று: "16 எனக்கு லீவு. நானே வந்து பாக்கிறேன். அதுவரைக்கும் முடிவு பண்ணிடாதீங்க."

நானே வந்து பார்க்கிறேன். நானே. இதை எத்தனை தடவை படித்தேன் என்று எழுதினால் எனக்கே வெட்கமாக இருக்கும். ஆர்வம் இல்லாதவள் எதற்கு வருகிறாள்? வாழப் போகாத வீட்டுக்குக் கல் பார்க்க யாராவது பஸ் ஏறி வருவார்களா?

பிப்ரவரி 12, புதன்

அந்த நாளை ஒரு தடவையாவது எழுதிவிட வேண்டும். எழுதாமலே தள்ளிக்கொண்டு வருகிறேன்.

போன ஆவணி. நிலை வைக்கிற அன்று. கதவு நிலைக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைக்க ஐந்து சுமங்கலிகள். வீட்டுக்காரி என்று மஞ்சள் கிண்ணத்தோடு முதலில் நின்றவள் சுவாதி. குன்னத்திலிருந்து வந்திருந்த என் அக்கா புஷ்பவல்லி, எல்லார் முன்னாலும், "புள்ள பெத்தவ கை மொதல்ல படட்டும். நீ பின்னால வாம்மா" என்றது.

சுவாதி என்னைப் பார்த்தாள். நான் வாட்சைப் பார்த்தேன். "நல்ல நேரம் முடியப் போவுது, யாராச்சும் சீக்கிரம் வைங்க" என்றேன். யாராச்சும். இந்த வாயில்தான் அது வந்தது.

அவள் கிண்ணத்தை மணல் குவியல் மேல் வைத்துவிட்டு நடந்து போனாள். சாயங்காலம் நான் வாடகை வீட்டுக்குத் திரும்பியபோது அலமாரியில் அவள் பக்கம் காலியாக இருந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு

வந்தாள். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியவளை ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை. இளைத்திருக்கிறாள். "சாப்டீங்களா?" என்று கேட்டாள். ஆச்சு என்று நான் சொன்னது, பஸ்காரன் அடித்த ஹாரனில் அவளுக்குக் கேட்டிருக்காது.

கடையில் அந்த வெள்ளைக் கல்லைக் காட்டினேன். தொட்டுப் பார்த்துவிட்டு, ஹேண்ட்பேக்கிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தையும் ஒரு மஞ்சள்தூள் பொட்டலத்தையும் எடுத்தாள். லேப் டெக்னீஷியன் புத்தி எங்கே போகும்? பிரசாத்திடம், "தம்பி, இதுல ஒவ்வொண்ணுலயும் ஒரு துண்டு குடுங்க" என்றாள். வெள்ளை மார்பிள், வெள்ளை குவார்ட்ஸ், கருப்பு பாலிஷ், சாம்பல் கிரானைட் என்று நாலு துண்டு வந்தது. நாலின் மேலும் பழத்தைப் பிழிந்து, மஞ்சளைக் குழைத்துத் தடவினாள். "ஐயோ மேடம், மேடம்!" என்று அவர் பதறினார். "வூட்ல புளி கரைக்கறப்ப நீங்க வந்து தடுப்பீங்களா?" என்றாள். கடைப் பையன்களுக்குச் சிரிப்பு. எனக்கும்தான். எத்தனை நாள் ஆயிற்று நான் சிரித்து!

கால் மணி கழித்துத் துடைத்தாள். மார்பிளில் பழம் பட்ட இடம் பளபளப்பு செத்துப்போய்த் திட்டாகக் கிடந்தது. மஞ்சளும் உள்ளே இறங்கிவிட்டது. "நாள் பூரா சுண்ணாம்புக்கல்ல பொடியாக்குறீங்க. மார்பிளும் அந்தக் குடும்பந்தான், புளிப்பு பட்டா அரிக்கும்னு உங்களுக்குத் தெரிய வேணாம்?" என்றாள். குவார்ட்ஸில் மெலிதாக ஒரு மஞ்சள் சாயல் நின்றது. கருப்பு தாங்கியது. ஆனால், "இந்தப் பளபளப்புல ஒவ்வொரு சொட்டுத் தண்ணியும் தெரியும். நம்மூரு சிமெண்ட் தூசிக்கு நாளைக்கு மூணு வேள தொடைக்கணும்" என்று தள்ளிவிட்டாள்.

சாம்பல் கிரானைட்தான் ஜெயித்தது. லெதர் ஃபினிஷ் என்கிறார்கள், பளபளப்பு இல்லாமல், கை வைத்தால் லேசாகச் சொரசொரக்கிறது. "இதான். யாரு சமைச்சாலும் தாங்கும்" என்றாள். முனையைக் கூராக விடாமல் உருட்டித் தரச் சொல்லி அவளே எழுதிக் கொடுத்தாள்.

"உனக்கு வெள்ளை பிடிக்குமேன்னு பாத்தேன்" என்றேன்.

"எனக்கா? உங்க அக்காவுக்குத்தாங்க வெள்ள பிடிக்கும்."

ஒன்பது வருடம் குடும்பம் நடத்தி நான் தெரிந்துகொண்ட லட்சணம் இது.

பஸ் ஏறுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அக்காகிட்ட சொன்னீங்களா?" நான் தலையைக் குனிந்தேன். அவள் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள், கையசைத்தாள். கோபமாகக்கூட இல்லை.

பிப்ரவரி 17, திங்கள்

என்ன சொல்லவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். பார்க்க யார் இருக்கிறார்கள்?

குறை என்னிடம். மூன்று வருடத்துக்கு முன்னால் திருச்சியில் எடுத்த டெஸ்ட். ரிப்போர்ட்டை முதலில் படித்தவள் அவள்தான், படிக்கத் தெரிந்தவள். ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "யாருக்கும் சொல்ல வேணாங்க. கேட்டா நான் பாத்துக்கறேன்" என்றாள். அன்றிலிருந்து ஊர் கேட்டதையெல்லாம் அவள்தான் வாங்கிக்கொண்டாள். வளைகாப்புக்கு அழைக்காமல் விட்டார்கள், அதையும் வாங்கிக்கொண்டாள். நிலை வைத்த அன்று நான் வாட்சைப் பார்த்தேன்.

கல் காட்டிச் சரிக்கட்டப் பார்த்திருக்கிறேன். வெட்கம் கெட்டவன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

குன்னம் போனேன், அக்காவிடம் சொல்லிவிடுவது என்று. சின்ன வெங்காயம் காய வைத்துக்கொண்டிருந்தது. "வாடா ராஜா, எளச்சுப் போயிட்டியே" என்று கோழி அடித்துக் குழம்பு வைத்தது. அம்மா போன பிறகு எனக்கு ஆக்கிப் போட்ட கை அது.

சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்தேன். த்தூ.

மார்ச் 2, ஞாயிறு

அக்காவே கட்டடம் பார்க்க வந்தது. மேஸ்திரி லீவு, நாங்கள் இரண்டு பேர் மட்டும். கல் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தது. "இதென்னடா சாம்பக் கலரு, தொடைக்காத மாதிரியே இருக்கு? யாரு எடுத்தா, அவளா? வூட்ட வுட்டுப் போனவளுக்கு இங்க என்ன நாட்டாம?"

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, வாய் குழறியது. "அக்கா, கொற எங்கிட்டதான். அவகிட்ட ஒண்ணும் இல்ல. டாக்டர் எழுதியே குடுத்துட்டாரு. மூணு வருசமா எனக்காக அவ மறைச்சா."

அக்கா கல் துண்டைக் கீழே வைத்தது. அழப் போகிறது என்று நினைத்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவளே லேப்புலதானடா வேல பாக்குறா? ஒரு சீட்டு எழுதிக்கிட்டு வர எம்மா நேரம் ஆவும்?" என்றது.

"அக்கா, டாக்டரே எங்கிட்ட நேர்ல சொன்னாருக்கா."

"எந்தம்பிக்கு ஒரு கொறையும் கெடையாது. நம்ம வம்சத்துல யாருக்குடா இருந்துச்சு? உன்ன மயக்கி வச்சிருக்கா, அதான் இப்புடிப் பேசுற."

நான் கத்தினேன். அக்காவிடம் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்தினேன். எதற்கும் பிரயோஜனம் இல்லை. அது குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டது. இந்த உண்மையை இத்தனை நாள் பூட்டி வைத்துப் பயந்தேனே, வெளியே விட்டால் நம்பக்கூட ஆள் இல்லை.

மார்ச் 3, திங்கள்

சுவாதிக்கு போன் செய்தேன். "சொல்லிட்டேன்" என்றேன். பத்தாம் கிளாஸ் பாஸான பிள்ளை மாதிரி சொன்னேன் என்று இப்போது தெரிகிறது.

"என்ன சொன்னாங்க?"

மறைக்காமல் சொன்னேன். அவள் சிரித்தாள். "தெரியுங்க, அப்புடித்தான் சொல்லுவாங்க."

"நீ கேட்டியேன்னுதான சொன்னேன்?"

"கேட்டேன். நீங்க அஞ்சு மாசத்துல ஒரு நாளாச்சும் நெனச்சுப் பாத்தீங்களான்னு தெரிஞ்சுக்கக் கேட்டேன்." அப்புறம் சொன்னாள். "நெல வச்ச அன்னிக்கு ரிப்போர்ட்ட எடுத்து வாசிக்கச் சொன்னனா நானு? 'இது அவ வூடு, அவ கை மொதல்ல படட்டும்'னு ஒரு வார்த்த. அது போதும் எனக்கு. மத்ததெல்லாம் நான் சாவுற வரைக்கும் சொமந்திருப்பேன்."

மன்னிச்சுடு என்றேன். வேறென்ன சொல்ல?

"கோவம் போயிடுச்சுங்க. கோவம் இருந்தவரைக்கும் வந்துடலாம்னு இருந்தேன். இப்ப அங்க நெனச்சா ஒண்ணுமே தோண மாட்டேங்குது. அப்பா வக்கீலப் பாக்கணுங்குறாரு. நாந்தான் அவசரப்பட வேணாம்னு சொல்லியிருக்கேன்."

"அப்ப எதுக்கு அம்மாந்தூரம் வந்து கல்லு பாத்துக் குடுத்த?" கேட்டே விட்டேன்.

"அந்த வெள்ளக் கல்லப் போட்டீங்கன்னா ஒரே மாசத்துல கறையாயிடும். நீங்கதான தனியா தேச்சுக்கிட்டு நிக்கணும்? அதான்."

"ஒடம்பப் பாத்துக்கங்க" என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 4, செவ்வாய்

ட்யூட்டிக்குப் போகவில்லை.

மார்ச் 5, புதன்

போனேன். போகாமல் என்ன செய்ய?

மார்ச் 12, புதன்

கல் வந்து இறங்கியது. முனையை அழகாக உருட்டியிருக்கிறார்கள், அவள் எழுதிக் கொடுத்தபடியே. "அருமையான கல்லு சார், நல்லா விவரம் தெரிஞ்சவங்க எடுத்திருக்காங்க" என்று மேஸ்திரி சொன்னார். ஆமாம் என்றேன்.

அக்கா இரண்டு தடவை போன் செய்தது. எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தேன். சித்திரையில் வீடு குடிபோகும்போது பால் காய்ச்ச யாரைக் கூப்பிடுவது என்று கேட்கிறது. யாரையும் வேண்டாம் என்றேன்.

மார்ச் 20, வியாழன்

இன்று லீவு போட்டுக் கட்டடத்தில் இருந்தேன். மேடைக்குச் செங்கல் எழுப்ப வேண்டும். மேஸ்திரி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வந்து நின்றார்.

"சார், வூட்டம்மாவ ஒரு தடவ வரச் சொல்லுங்க, அஞ்சு நிமிச வேல."

"எதுக்கு?"

"ஒசரம் பாக்கணும்ல. சொவத்தோரம் நிக்க வச்சு, முழங்கைய மடக்கச் சொல்லி, நாலு வெரக்கட கீழ கோடு போடுவேன். எத்தினி வூடு கட்டிட்டேன், அடுப்பு மேடைக்கு டேப் வச்சதே இல்ல. ஆக்குறவங்க வந்து நின்னாத்தான் சரியா வரும். இல்லாட்டி காலத்துக்கும் இடுப்பு வலி."

சுவாதியின் முழங்கை எவ்வளவு உயரத்தில் வரும்? என் நெஞ்சுக்கா, அதற்கும் கீழேயா? சுவரைப் பார்த்து யோசித்தேன். சத்தியமாகத் தெரியவில்லை.

"அவங்க வரலீங்க" என்றேன்.

"பரவால்ல சார், ரெண்டு நாளு பொறுத்துக்கூட எழுப்பிக்கலாம். இல்லாட்டி உங்க அக்காவ வந்து நிக்கச் சொல்றீங்களா? பொம்பள ஒசரம் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் வரும்."

"வேணாம்."

செருப்பைக் கழற்றிவிட்டு நானே போய்ச் சுவரோரம் நின்றேன். முழங்கையை மடக்கினேன். மேஸ்திரி பென்சிலைக் கையில் எடுத்தார், ஆனால் கோடு போடவில்லை.

"சார், ஆம்பள ஒசரத்துக்கு வச்சா வூட்டம்மாவுக்கு எட்டவே எட்டாது. பலகை போட்டுத்தான் ஏறி நிக்கணும். கல்ல ஒட்டிட்டா அப்புறம் எறக்க முடியாது, சொல்லிட்டேன்."

"தெரியும் மேஸ்திரி. போடுங்க."

என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். விரலை வைத்து அளந்து கோடு போட்டார். நாளைக் காலை செங்கல் எழுப்புகிறார்.