நாற்பது மாத்திரை

ரோசாவின் அப்பாவுக்கு,

கொல்லைக்கு ஓடி ஓடிக் களைத்துத் தூங்குகிறீர்கள்; எழுப்பவில்லை. மோர்க்கஞ்சி அடுப்படியில் மூடியிருக்கிறது.

தலைமைக் குமாஸ்தா வேலை கிடைக்கும்வரை பழம், காய்கறி தொடமாட்டேன் என்று வில்லியனூர் மாதாவுக்கு நேர்ந்துகொண்டீர்கள். மூன்று மாதத்தில் ஈறில் ரத்தம் கசிந்தது. தினம் ஒரு ஆரஞ்சு, முடியாவிட்டால் வைட்டமின் மாத்திரை ஒன்று என்றார் டாக்டர். கப்பலில் வரவழைத்த மாத்திரை நேற்றுத்தான் கைக்கு வந்தது. நாற்பதையும் ஒரே நாளில் விழுங்கிவிட்டு, “பிரான்சு மருந்துடி, ஒண்ணும் பண்ணாது” என்றீர்கள். குப்பியிலுள்ள பிரெஞ்சை எனக்கு உரக்கப் படித்துக் காட்டியவருக்குத் தினம் ஒன்று என்பது மட்டும் கண்ணில் படவில்லை. இந்த லட்சணத்தில் தலைமைக் குமாஸ்தா.

பழத்தின் சத்தை மாத்திரையாக விழுங்கினால் நேர்த்திக்கடன் முறியாமல் நிற்குமா என்று பங்குச் சாமியாரைக் கேட்கப் போகிறேன். காலிக் குப்பியையும் எடுத்துப் போகிறேன்.

இருதயமேரி

மாத்திரைதான் குணப்படுத்தியது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்ள வேண்டாம். ரத்தம் போன வாரமே நின்றுவிட்டது, நீங்கள்தான் கவனிக்கவில்லை. கஞ்சி புளிக்கிறது என்று தினமும் முகம் சுளித்தீர்களே, அது மோரின் புளிப்பு இல்லை. இருபது நாளாக எலுமிச்சம்பழம் பிழிந்து வருகிறேன். இன்றைக்கும் பிழிந்திருக்கிறேன். அந்தப் பாவத்தைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் நான் செய்துகொள்கிறேன். நீங்கள் பேசாமல் குடியுங்கள்.