தலையில் தூசியோடு ஒரு படம்

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குச் சாதகமாக ஒரு வரிகூடச் சேர்க்க மாட்டேன்.

இன்று சாயங்காலம் அரியலூரில் பிளெக்ஸ் கடைக்குள் நுழைந்ததும் மை வாடை மூக்கில் ஏறியது. காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. நாளை காரியத்தில் உன் படத்தைத் திறந்துவைக்க வேண்டும். உன் அப்பா அம்மாவோடு நானும் போயிருந்தேன், ஏனென்றால் நீ தனியாக இருக்கும் நல்ல படம் என் போனில் மட்டும்தான் இருந்தது. எப்போதும் நீதானே எடுக்கிறவள்.

கீழப்பழுவூர் பஸ் நிறுத்தத்தில் எடுத்தது அது. பள்ளிப் புகைப்படக் கண்காட்சிக்கு நாம் படங்களை வகை பிரித்துக்கொண்டிருந்த வாரம். நூலகப் புத்தகத்தில் படித்ததை நான் ஒப்பிக்க, நீ கேலி செய்துகொண்டே வந்தாய்.

"ஆடு எந்த வகைடி? காட்டுயிரா?"

"வீட்டுல வளக்குறது அதுல சேராது."

"எங்க வூட்டு ஆட்ட நீ பாத்ததில்ல. சரி, எங்கப்பா மல்லாந்து தூங்குறாரே, அது நிலக்காட்சிதானே?"

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினேன். உருவப்படம் என்றால் ஆளை நிறுத்தி, வெளிச்சம் பார்த்து எடுக்கலாம், முகப்பருவைக்கூட நீக்கலாம். தெருப்படம் அப்படியில்லை, நடந்ததைத் தொடக் கூடாது. அப்போதுதான் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று நம்மை உரசிக்கொண்டு போனது. சீருடை, முடி, புருவம் எல்லாம் வெள்ளைத் தூசி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீ சிரித்தாய், நான் எடுத்துவிட்டேன். வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "இது தெருப்படம். கைய வச்ச, கொன்னுடுவேன்."

இன்று கடைக்கார அண்ணன் கணினியில் அதில்தான் கை வைத்தார். தூசி போனது. மூடிய கண் திறந்தது. நிறம் வெளுத்தது. சீருடை இருந்த இடத்தில் பட்டுச்சேலை வந்தது.

"அஞ்சலிப் படம் பாப்பா, லட்சணமா இருக்கணும்ல" என்றார்.

உன் அப்பா தலையாட்டினார். "எம்பொண்ணு அழுக்கா நிக்கக் கூடாதுங்க."

அதிலும் நியாயம் இருந்தது. மாலை போட்டுச் சுவரில் மாட்டும் படம் எந்த வகை? புத்தகத்தில் அது இல்லை. அண்ணனின் விரல் பிரிண்ட் கொடுக்கப் போனது. பெரியவர்கள் பேசும் இடத்தில் நான் வாய் திறந்ததில்லை. இன்று திறந்தேன்.

"நிறுத்துங்கண்ணே. அவ இப்படி இருக்க மாட்டா."

"நீ சும்மா இரும்மா" என்றார் உன் அப்பா.

அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த உன் அம்மா நிமிர்ந்தார். திரையை வெகுநேரம் பார்த்தார்.

"இது யாருங்க?"

அண்ணன் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பினார். சேலை போனது, நிறம் வந்தது, கண் மூடியது. தூசி மட்டும் பாக்கி. அண்ணன் உன் அப்பாவைப் பார்த்தார்.

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வூட்டுக்கு அப்படித்தான் வருவா. இருக்கட்டும்."

பின்னாலிருந்த லாரியை மட்டும் அழித்து, அங்கே நீலவானம் வைத்தார்கள். அதை நான் தடுக்கவில்லை. நீ என்ன சொல்லியிருப்பாயோ.

இயந்திரத்திலிருந்து முதலில் உன் வெள்ளைத் தலை வெளியே வந்தது. அசல் என்னிடம் இருக்கிறது, லாரியோடு. இனி எந்தப் படத்தைத் திருத்தப் போனாலும் உன் மிரட்டல் காதில் விழும்.

படத்தைச் சுருட்டி அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, அண்ணன் கடை விளக்குகளை அணைத்தார்.