அறுபத்தெட்டு சென்ரிமீற்றர் மீன்

17 மார்ச் 1985, ஞாயிறு. துன், சுவிஸ்.

இன்றும் ஒன்றும் இல்லை. காலை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை வெங்கரின் படகில் குந்தியிருந்து விறைத்ததுதான் மிச்சம். ஹோட்டல் முதலாளி லீவு நாளில் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர் அவர். கிழமை முழுக்க அவருடைய கோப்பைகளைக் கழுவுகிறேன், ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பேச்சுத் துணை. அதுவும் பேசாத பேச்சுத் துணை. சத்தம் போட்டால் மீன் வராதாம்.

இதை மீன்பிடி என்று யார் சொன்னது? மோட்டரை ஆகக் குறைந்த வேகத்தில் விட்டு, நாற்பது மீற்றர் நூலைப் பின்னால் இழுத்துக்கொண்டு ஏரியைச் சுற்றுகிறோம். நூலின் முனையில் தேக்கரண்டி மாதிரி மினுங்குகிற ஒரு தகடு. ஃபொரெல்லெ என்கிற மீன் அதைச் சின்ன மீன் என்று நம்பிக் கடிக்க வேண்டும். கரைப் பாதையில் ஒரு கிழவி நாயோடு நடந்து எங்களை முந்திப் போனா. திரும்பி வந்து இன்னொரு தரமும் முந்தினா. வெங்கர் விரலை உயர்த்தி "பொறுமை" என்கிறார். பொறுமை இல்லாதவனா மூன்று நாடு தாண்டி இங்கே வந்து சேர்ந்தேன்?

அறைக்கு வந்தால், கூட இருக்கிற தயாபரன் சிரிக்கிறான். அவனும் இதே ஹோட்டலில்தான், அறைகள் துப்புரவு. என்னைவிட ஒரு வருடம் முந்தி வந்தவன், இவர்களுடைய ஜெர்மன் பாஷை, டொச், நன்றாகக் கதைப்பான். அதனால் வெங்கர் கூப்பிட்டபோது அழகாக மறுத்துவிட்டான். மயிலிட்டிக்காரன், தகப்பன், தமையன்மார் எல்லோரும் கடல் தொழில்.

"பசிக்குப் பிடிச்சால் அது மீன்பிடி. இது என்ன விசர் விளையாட்டு?" என்றான். "ஊரிலை எங்கடை வள்ளம் மணலிலை கிடந்து வெடிக்குது, நேவி கடலுக்கு விடுறானில்லை. இஞ்சை பொழுது போகேல்லையெண்டு வெளிக்கிடினம்."

24 மார்ச், ஞாயிறு

ஒன்று கடித்தது. படகுக்குப் பக்கத்தில் வரும்வரை இழுத்தேன். அறுத்துக்கொண்டு போய்விட்டது. முடிச்சு நான் கட்டியது. வெங்கர் புதுத் தகடு ஒன்றை எடுத்துத் தானே கட்டினார். ஏசியிருந்தாலும் பரவாயில்லை.

9 ஏப்ரல், செவ்வாய்

அம்மாவின் கடிதம். போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்ற தில்லைநாதன் மாமாவின் மகளை எனக்குக் கேட்டிருக்கிறாவாம். யசோதராவை. அவர்களும் ஓம் என்கிற மாதிரித்தானாம். அண்மையில் எடுத்த படம் ஒன்று அனுப்பட்டாம்.

யசோதரா. ரியூட்டரியில் எனக்கு முன் வாங்கில் இருந்தவள். ஒரு நாள் திரும்பி அழிறப்பர் கேட்டாள், கொடுத்தேன். இரண்டு வருடத்தில் எங்களுக்குள் நடந்தது அவ்வளவுதான். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் நான்கு தரம் வாசித்துவிட்டேன் கடிதத்தை.

21 ஏப்ரல், ஞாயிறு

பிடித்தேன். நான்தான் பிடித்தேன். அறுபத்தெட்டு சென்ரிமீற்றர்! வெங்கர் பலகையில் வைத்து மூன்று முறை அளந்தார். முதுகில் கறுப்புப் புள்ளிகள், வயிறு வெள்ளி. இருபது நிமிடம் இழுபறி. வெங்கர் தன் இறப்பர் அங்கியையும் தொப்பியையும் எனக்குப் போட்டுவிட்டு, மீனைக் கையில் தந்து படம் எடுத்தார்.

தயாபரன் மீனைப் பார்த்ததும் சிரிப்பை விட்டுவிட்டான். செவுளைத் தூக்கிப் பார்த்தான், "நல்ல சாமான்" என்றான். அவனே வெட்டி, புளி விட்டு, பெரிய சட்டியில் குழம்பு வைத்தான். இரண்டு பேரும் சட்டியிலேயே சோற்றைப் போட்டுக் குழைத்துத் தின்றோம். இந்த நாட்டுக்கு வந்தபின் வயிறு நிறைந்த முதல் நாள் இதுதான்.

1 மே, புதன்

படம் வந்தது. நன்றாகத்தான் இருக்கிறேன். ஊருக்கு அனுப்பிவிட்டேன். இதைவிட அண்மையான படத்துக்கு எங்கே போவேன்?

5 ஜூன், புதன்

தலையைச் சுவரில் மோதலாம் போல இருக்கிறது.

அம்மா எழுதுகிறா: "தில்லைநாதன் மாமா படத்தைப் பாத்திட்டு எழும்பிப் போட்டார். நீ ஹோட்டல் மனேச்சர் எண்டல்லோ நாங்கள் சொல்லி வைச்சனாங்கள். இப்ப ஊரெல்லாம் நீ அங்கை மீன்பிடிக்கிற தொழிலுக்குப் போட்டாய் எண்டு கதை. எங்கடை சனத்திலை ஆர் மோனை இந்த வேலை செய்தது?"

மனேச்சர் என்று யார் சொல்லச் சொன்னது? ஒரு மீன். பொழுதுபோக்குக்குப் பிடித்த ஒரே ஒரு மீன். இதற்கு இங்கே காசு கட்டி அனுமதி எடுக்க வேண்டும், டொக்டர்மாரும் வங்கிக்காரரும்தான் பிடிக்கிறார்கள் என்று யாருக்குச் சொல்லி விளங்கப்படுத்துவது? கோப்பை கழுவுகிறவனை மனேச்சர் ஆக்கலாமாம். மீன் பிடித்தால் பெண் இல்லையாம்.

7 ஜூன், வெள்ளி

யோசித்துப் பார்த்தேன். நான் எழுதினால் நம்ப மாட்டார்கள். தில்லைநாதன் மாமா முப்பது வருடம் கடிதங்களோடு சீவித்தவர். முத்திரை குத்திய கடுதாசி என்றால் நம்புவார். இந்த நாட்டில் எதற்குத்தான் கடுதாசி இல்லை? வெங்கரிடம் இங்கிலீசில் ஒரு அத்தாட்சிக் கடிதம் கேட்கப் போகிறேன், நான் மீனவன் இல்லை என்று. என் டொச் இதற்குப் போதாது. தயாபரனைக் கூட்டிப் போக வேண்டும்.

9 ஜூன், ஞாயிறு

வெங்கரின் கந்தோரில் மூன்று பேரும் நின்றோம். நான் தமிழில் சொன்னேன், தயாபரன் டொச்சில் சொன்னான். வெங்கருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு கேட்டார். தயாபரன் எனக்குத் திருப்பிச் சொன்னான்:

"தன்ரை தகப்பன் நாப்பது வருசம் இந்த ஏரியிலை மீன்பிடிச்சு வித்தவராம். அந்தக் காசிலைதானாம் இந்த ஹோட்டல். மீனவன் எண்டால் அங்கை என்ன பிழையெண்டு கேக்கிறார்."

அவன் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. ரயில் நேரம் வாசிக்கிறவன் மாதிரிச் சொன்னான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "எங்கடை பக்கத்து வழக்கம் எண்டு சொல்லு," என்றேன். அதையும் சொன்னான்.

வெங்கர் தோளைக் குலுக்கிவிட்டு எழுதித் தந்தார். ஹோட்டல் முத்திரையும் குத்தினார். திருவாளர் பத்மநாதன் தொழில்முறை மீனவர் அல்லர், பொழுதுபோக்குக்காக மட்டுமே மீன்பிடிப்பவர்.

கடிதம் கிடைத்துவிட்டது. சந்தோசப்படத்தானே வேண்டும்?

10 ஜூன், திங்கள்

தபாலில் போட்டேன்.

13 ஜூன், வியாழன்

தயாபரன் தனியாகச் சமைக்கிறான். ஒரு சின்னச் சட்டி வாங்கி வந்திருக்கிறான், ஒரு கோப்பை, ஒரு கரண்டி. ஏன் என்று கேட்டேன்.

"கலந்து வைச்சால் பிறகு இதுக்கும் ஒரு செர்டிபிகேற் எடுக்க வேண்டி வரும்," என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

எனக்குத்தான் எரிச்சல் வந்தது. நான் அவனை என்ன சொன்னேன்? ஒரு சொல் அவனைச் சொன்னேனா? ஊர்ச் சனத்தின் வாயை அடைக்க ஒரு கடுதாசி, அவ்வளவுதானே. இவனுக்கு ஏன் குத்துகிறது?

ஏன் குத்துகிறது என்று எனக்குத் தெரியாதா? விசர்க்கதை எழுதுகிறேன்.

30 ஜூன், ஞாயிறு

படகில் ஆறு மணித்தியாலம். மீன் இல்லை. வெங்கர் தயாபரனைப் பற்றிக் கேட்டார். டொச் விளங்காத மாதிரி இருந்துவிட்டேன்.

22 ஜூலை, திங்கள்

கடிதம் வேலை செய்துவிட்டது. தில்லைநாதன் மாமா வெங்கரின் முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வாசித்துக் காட்டுகிறாராம். யசோதரா முழுச் சம்மதமாம். இதை எத்தனை நாளாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீழே இன்னும் நாலு வரி. "ஒரே ஒரு காரியம் மோனை. உன்னோடை அறையிலை இருக்கிற பெடியன் எந்த ஊர் எண்டு அவை விசாரிச்சுப்போட்டினம். ஒண்டாச் சமைச்சுச் சாப்பிடுறனியளோ எண்டும் கேட்டவை. இல்லையெண்டு சொல்லிப்போட்டன். நீ வேறை அறை பாத்துப் போனால் எல்லாம் சரி."

இல்லையென்று சொல்லிவிட்டாவாம். இப்போது அது உண்மைதான். அறையின் அந்த மூலையில் அவனுடைய சட்டி, இந்த மூலையில் என்னுடையது. தில்லைநாதன் மாமா இங்கே வந்து பார்த்தால் திருப்தியோடு திரும்பிப் போவார். நானே எல்லாவற்றையும் அவர் சொல்வதற்கு முன்பே ஒழுங்கு பண்ணி வைத்திருக்கிறேன்.

வெட்கமாக இருக்கிறது.

28 ஜூலை, ஞாயிறு

வெங்கரிடம் சுகமில்லை என்று சொல்லிவிட்டு அறையில் இருந்தேன். ஐந்து தாள் கிழித்தேன். கடைசியில் எழுதியது சின்னக் கடிதம்:

"அம்மா, படத்தில் இருக்கிற மீனைச் சமைத்தது தயாபரன். அவன் மயிலிட்டி. இரண்டு பேரும் ஒரே சட்டியில் சாப்பிட்டோம். இனியும் சாப்பிடுவேன், அவன் விட்டால். அறை மாற மாட்டேன். இதைத் தில்லைநாதன் மாமாவுக்கு அப்படியே வாசித்துக் காட்டுங்கோ. இதற்கு முத்திரை இல்லை."

யசோதராவுக்கும் தனியாக எழுத நினைத்தேன். அழிறப்பர் கொடுத்ததைத் தவிர அவளுக்கு எழுத என்னிடம் என்ன இருக்கிறது? அவளே என்ன நினைக்கிறாள் என்று இவ்வளவு கடிதத்திலும் ஒருவரும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

தயாபரனிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் ஒரு அத்தாட்சிப் பத்திரம் மாதிரி இருக்கும்.

18 ஓகஸ்ட், ஞாயிறு

இன்னொரு மீன் அறுத்துக்கொண்டு போனது. இந்த முடிச்சுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம்.

11 செப்டம்பர், புதன்

வேலையால் வந்தபோது தபால்பெட்டியிலிருந்த கடிதத்தைத் தயாபரன் எடுத்து வைத்திருந்தான். அம்மாவின் கையெழுத்து. ஒரே பக்கம். சம்பந்தம் விட்டுப்போய்விட்டது. யசோதராவுக்குக் கனடாவில் ஒரு மாப்பிள்ளை பார்க்கிறார்களாம். எங்களை இப்படித் தலைகுனிய வைத்தாயே என்று கேட்டிருக்கிறா, என் கடிதத்திலிருந்த வரிகளை ஒவ்வொன்றாக எடுத்தெழுதி.

நொந்தது. அப்படியே கட்டிலில் இருந்துவிட்டேன்.

"என்னவாம்?" என்றான் தயாபரன். கன நாளைக்குப் பிறகு அவனாகக் கேட்ட கேள்வி. கடிதத்தை நீட்டினேன்.

நின்றபடி வாசித்தான். முடித்துவிட்டு முதலில் இருந்து திரும்ப வாசித்தான். மடித்து என் தலையணையில் வைத்துவிட்டுச் சமையல் மூலைக்குப் போனான். பாத்திரங்கள் இடிபடுகிற சத்தம். பெரிய சட்டியைத் தேடி எடுத்துக் கழுவினான்.

அரிசி வெந்துகொண்டிருக்கும்போது என் பக்கம் திரும்பாமலே கேட்டான்.

"ஞாயிற்றுக்கிழமை வெங்கர் எத்தினை மணிக்கு வெளிக்கிடுறவர்?"

"ஆறுக்கு. ஏன்?"

"நீ கட்டிற முடிச்சு பிழை. நான் வந்து கட்டிறன்."