விரல்கள் திரும்பாத வரிசை

இன்று காலை மகள் என் மேசையில் ஒரு கணினியை வைத்துவிட்டு, "அப்பா, பழைய தமிழ் டைப்ரைட்டர்ல இருந்த மாதிரியே எழுத்த வச்சுத் தரவா, இல்ல புது கீபோர்டுக்கே மாறிடுறீங்களா?" என்று கேட்டாள். சாதாரணக் கேள்விதான். ஆனால், நண்பா, இதே கேள்வியை ஜப்பான்காரன் நம் இருவரிடமும் கேட்டிருக்கிறானே.

பத்து பாகாட் ஊரில், வெள்ளைக்காரத் துரையின் அலுவலகத்தில் நீயும் நானும் அடுத்தடுத்த நாற்காலி. ஆங்கிலத் தட்டச்சில் உன்னை மிஞ்ச ஆளில்லை. வெற்றிலை மென்றபடி, விசைகளைப் பார்க்காமலேயே அடிப்பாய். போரில் வெள்ளைக்காரன் ஓட, ஜப்பான்காரன் வந்தான்; அவன் எழுத்து பொறித்த இயந்திரமும் வந்து இறங்கியது. கற்றுக்கொண்டால் வேலையும் அரிசியும் உண்டு. இல்லையென்றால் காட்டை வெட்டி மரவள்ளி நட வேண்டும்.

"வேணாம்டா. வெள்ளைக்காரன் திரும்பி வருவான். அப்ப கை கெட்டுப்போயிருக்கும்," என்றேன்.

"கை அப்புறம் பழகிக்கும் லா. உங்கம்மா இப்ப என்ன சாப்பிடுவாங்க?" என்றாய்.

நான் வீராப்பாக மண்வெட்டி பிடிக்கப் போனேன். நீ மாறினாய். கிடைத்த அரிசியில் பாதியை, இயந்திரம் துடைக்கும் துணியில் முடிந்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவாய். இயந்திரத்துக்கு மை ரிப்பன் கிடைக்காத காலம். விளக்குக் கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பழைய ரிப்பனில் பூசித்தான் ஒப்பேற்றுவாய். எங்கள் சோற்றிலும் அந்தக் கரிவாடை அடிக்கும். அம்மா ஒரு பருக்கை மீதி வைக்கமாட்டார். என் வீராப்பு உன் அரிசியைத் தின்றுதான் உயிரோடு இருந்தது.

போர் முடிந்து பழைய துரை திரும்பினார். இருந்த ஒரே வேலைக்கு ஆங்கிலத் தட்டச்சில் நம் இருவரையும் சோதித்தார். முதலில் நீ உட்கார்ந்தாய். உன் விரல்கள் போனதெல்லாம் ஜப்பான் எழுத்து இருந்த இடங்களுக்கு. தாளில் விழுந்தது எந்த மொழியிலும் சேர்த்தி இல்லை. உனக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுக்கச் சொல்லி நான் கெஞ்சிப் பார்த்தேன். துரை அடுத்த தாளை என் பக்கம் நீட்டினார். வேறு எதுவும் பழகாத என் விரல்கள் பழைய இடங்களை மறக்கவில்லை; வேலை எனக்குக் கிடைத்தது.

வெளியே வந்ததும், "கொஞ்சம் பழகிட்டு வந்திருக்கலாமேடா," என்றேன். நீ, "அம்மாவ விசாரிச்சேன்னு சொல்லு," என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாய். பிறகு சிம்பாங் ரெங்கம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கடைசிவரை பால்மரம் வெட்டினாய். நான் நாற்காலியில் உட்கார்ந்தே, தமிழ்த் தட்டச்சும் பழகி, பென்ஷனுக்கு வந்தேன்.

மகளிடம், "புதுசுக்கே மாத்திடும்மா," என்றேன். இந்த மடலை அதில்தான் அடிக்கிறேன். இத்தனை வரிக்கே பொழுது மதியத்தைத் தாண்டிவிட்டது. 'அம்மா' என்று அடிக்கப் போனால்கூட விரல் பழைய இடத்துக்கே ஓடுகிறது. திட்டிப் பார்க்கிறேன், கேட்பதாக இல்லை. அன்று உன் கையும் இப்படித்தானே தவித்திருக்கும்? உன் அக்கறைக்குறைவு என்றல்லவா நினைத்தேன்.

எங்கள் வீட்டு உலை கொதிக்க வேண்டும் என்று மாறிய கை அது. அதைப் பார்த்துத்தான், பழகிட்டு வந்திருக்கலாமே என்று சொன்னேன்.