பாலத்தில் ஏன் கை கொடுத்தாய், எஸ்தர்?

பதில் வராது என்று தெரிந்தும், ‘சாப்பிட்டாயா’ என்று கேட்டுத் தொடங்கவே கை போகிற என் எஸ்தருக்கு,

நான் சாப்பிட்டேன். சோறும் புளிக்குழம்பும். அதைவிடப் பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. உன் கேம் பெட்டியில் நான் மூன்று கேம் ஆடி முடித்துவிட்டேன். சிரிக்காதே. உண்மையாகத்தான் சொல்கிறேன்.

நீ ஒரு கேமை முடித்தால் அன்று எனக்குக் கதை உண்டு. ஆஸ்பத்திரி லேபில் காலை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து, குளித்து, அந்தப் பெட்டியின் முன்னால் உட்காருவாய். முடித்துவிட்டால் டீ போடும்போதே ஆரம்பித்துவிடுவாய். “கேட்டியளா, அந்தக் கிழவன்தான் ராஜாவாம். எனக்கு அப்பமே சந்தேகம்.” எந்தக் கிழவன், எந்த ராஜா, எனக்கு ஒன்றும் புரியாது. ஆனாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். நீ கையை ஆட்டி ஆட்டிச் சொல்வதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

இப்போது முடித்தது நான். டீயும் நானே போடுகிறேன். யாரிடம் சொல்வது? அதனால்தான் நாலு பேர் கண்ணில் படும்படி எழுதுகிறேன். எனக்கு இருக்கிற குழப்பத்துக்கு அவர்களில் ஒருவருக்காவது விடை தெரிந்திருக்கலாம்.

கோயில் அசன விருந்து முடிந்த மறு வாரம் நீ போனாய். சபையார் எல்லாருக்கும் இலை போட்டுச் சாம்பார் ஊற்றிய கை, ஒரு வாரத்தில் அசையாமல் கிடந்தது. தலையில் ரத்தக்கசிவு என்றார்கள். அந்த வார்த்தை இன்னும் எனக்குள் இறங்கவில்லை. பிறகு மழைக்காலம் வந்தது. வெளியே போக முடியாத ஒரு சாயங்காலம், பெட்டி ஓடுகிறதா என்று பார்க்கப் பொத்தானை அழுத்தினேன். ஓடியது. ‘மீண்டும் நல்வரவு’ என்று உன் பெயர் சொல்லி என்னை வரவேற்றது. அணைக்க மனம் வரவில்லை.

முதலில் அந்தக் கலங்கரை விளக்கக் கேம். ஒரு பெண் கடற்கரை ஓரமாகவே நடந்து, அணைந்து கிடக்கிற விளக்குகளைச் சரி செய்கிறாள். சண்டை இல்லை, எதிரி இல்லை. வழியில் வருகிறவர்கள் காற்றைப் பற்றியும் படகைப் பற்றியும் பேசிவிட்டுப் போகிறார்கள். கடைசி விளக்கை ஏற்றினேன். திரை முழுக்கக் கடல் வந்தது. அவ்வளவுதான். இன்னும் ஏதாவது வரும் என்று கன்ட்ரோலரைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. நான் ஜெயித்தேனா, தோற்றேனா? அதைச் சொல்லாமலே ஒரு விளையாட்டை முடிக்கலாமா? ஆனால் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன், ஏன் என்று தெரியவில்லை.

அடுத்தது லாரி. பனி கொட்டுகிற ஊரில் சாலையின் வலப்பக்கம் ஓட்டச் சொல்கிறது. எனக்கு நம்மூர் வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் இடப்பக்கம் ஓட்டிய பழக்கம். எதிரே வந்தவனையெல்லாம் ஹாரன் அடித்து ஒதுக்கிக்கொண்டு போனேன், ஒருவனும் ஒதுங்கவில்லை. போகப்போகப் பழகிவிட்டது. கடைசிச் சரக்கு அந்த டிரைவரின் சொந்த ஊருக்கு. போய்ப் பார்த்தால் அங்கே ஊரே இல்லை, அணைத் தண்ணீர் நிற்கிறது. அவன் லாரியைத் திருப்பிக்கொண்டு வருவதோடு முடிகிறது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை தூரம் ஓட்ட வைத்து இப்படியா செய்வார்கள்? இதையா நீ அவ்வளவு ஆசையாக ஆடினாய்?

மூன்றாவதுதான் என்னை இப்படி உட்கார்த்தி எழுத வைத்திருக்கிறது.

உனக்குத் தெரிந்த கதைதான், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு ராஜாவுக்கு மகனும் மகளும். அப்பாவோடு சண்டை போட்ட மகன், எதிரி வந்த அன்று கோட்டைக் கதவைத் திறந்துவிட்டுப் போய்விடுகிறான். அப்பா செத்துப்போகிறார். ஆடுகிறவர்தான் அந்த மகள். பாழாய்ப்போன நாடு முழுக்க அண்ணனைத் தேடி அலைய வேண்டும். கடைசியில் உடைந்த பாலம் ஒன்றில் அவனைப் பிடிக்கிறாள். பாலம் இடிந்து அவன் தொங்குகிறான். அப்போது திரையில் இரண்டு வழி வருகிறது. கை கொடுக்கலாம், விட்டுவிட்டுப் போகலாம். யோசிக்க நேரம் தருவதில்லை.

நீ ஆடிய ஆட்டத்தை உன் பெயரிலேயே அது சேமித்து வைத்திருந்தது. அதைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை. என் பெயரில் முதலிலிருந்து தொடங்கினேன். பாலத்துக்கு வந்ததும் நான் யோசிக்கவே இல்லை. எஸ்தர் இருந்தால் என்ன செய்வாளோ அதைச் செய்தேன். விட்டுவிட்டுப் போனேன்.

உன்னை எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன் அல்லவா? உன் அண்ணன் தேவராஜ் மச்சான் விஷயத்தில் நீ நின்ற நிலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். மச்சான் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டதால், ‘நான் செத்தாலும் வாசப்படி மிதிக்காதே’ என்று உன் அப்பா சொல்லிவிட்டார். மணிமுத்தாறு வீட்டில் மாமா நோயில் கிடையில் விழுந்தபோது நீதான் கூடங்குளத்துக்குப் போன் போட்டாய். “அப்பா வரச்சொன்னாவன்னா வாரேன்” என்றார் மச்சான். மாமா கடைசிவரை சொல்லவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் அவர் வந்து நின்றார். நீ கதவைப் பிடித்துக்கொண்டு, “எங்கப்பா போயிட்டாவ. எனக்கு அண்ணனும் இல்ல. போங்க” என்றாய். அதற்குப் பிறகு அந்தப் பெயர் நம் வீட்டில் கேட்கவில்லை.

உன் அடக்கத்துக்கும் அவர் வந்தார், எஸ்தர். கல்லறைத் தோட்டத்துக் காம்பவுண்டுக்கு வெளியே நின்றார். நான் போய்க் கூப்பிட்டேன். அடக்க ஜெபம் நடத்திய சபை ஐயரும் கூப்பிட்டார். “அவளுக்குப் பிடிக்காது” என்று சொல்லிவிட்டு வரவே இல்லை. ஒரு பிடி மண் போடாமல் பஸ் ஏறிவிட்டார்.

இதெல்லாம் மனதில் இருந்ததால்தான் பாலத்தில் என் விரல் தானாகப் போனது. அதன் பிறகு கடைசிச் சண்டையைத் தனியாகப் போட்டேன். நாள் கணக்கில் தோற்றேன். முடிவில் ஜெயித்தபோது, காட்டில் ஒரு நெருப்பு முன்னால் அந்தப் பெண் ஒற்றையாக உட்கார்ந்திருந்தாள். சரி, இதுதான் உன் முடிவும் என்று நினைத்தபடி வெளியே வந்தேன். பட்டியலில் என் ஆட்டத்துக்குக் கீழே, முன்பு நான் உற்றுப் பார்க்காத உன் ஆட்டத்தின் படம். அதிலும் அதே நெருப்பு. பக்கத்தில் இரண்டு பேர்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பிறகு பயந்து பயந்து உன் ஆட்டத்தைத் திறந்தேன். அண்ணன்காரன் கையில் கட்டோடு உட்கார்ந்திருக்கிறான். உன் பெண்ணை எழுப்பி நடக்க வைத்தால், பின்னாலேயே அவனும் எழுந்து வருகிறான்.

நீ ஏன் கை கொடுத்தாய்?

இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டு அலைந்தேன். சர்க்கரை பார்க்க உன் லேபுக்குப் போக வேண்டியிருந்தது. மும்தாஜ்தான் ரத்தம் எடுத்தாள். நீங்கள் இரண்டு பேரும் மத்தியானச் சாப்பாட்டில் கேம் கதைதான் பேசுவீர்கள் என்பது எனக்குத் தெரியும். அவளிடமே கேட்டேன்.

“பாலத்துல எஸ்தர் அந்த அண்ணனுக்குக் கை கொடுத்திருக்கா. ஏன்மா?”

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தாள். “குடுக்காம எப்டிண்ணே? அவன் கூட இருந்தாத்தான கடைசிச் சண்டையில ஜெயிக்க முடியும். பின்னால நின்னு அம்பு விட்டுக்கிட்டே இருப்பாம்லா. நானும் குடுத்தேன். எல்லாருந்தான் குடுப்பாவ.”

“நான் கொடுக்கல.”

“தனியாவா முடிச்சிய?” ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஒரு மாதிரி மரியாதையோடு பார்த்தாள்.

அம்புக்காகத்தானா? நிம்மதியாக இருந்தது. அடுத்த நிமிஷமே வருத்தமாகவும் இருந்தது. எது உண்மையான உணர்ச்சி என்று தெரியாமல் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது மும்தாஜே சொன்னாள்.

“ஆனா அக்கா முதத் தடவ குடுக்கலண்ணே. விட்டுட்டுத்தான் முடிச்சா. பொறவு ஒரு நாள் வந்து, மும்தாஜு, நான் முதல்லருந்து ஆடப்போறேன்னு சொன்னா.”

“ஏன்னு சொன்னாளா?”

“நான் கேக்கலியே. ரெண்டு முடிவையும் பாக்கணும்னு எல்லாருக்கும் தோணும். அதுக்காவும் இருக்கும்.”

“வேற எதுக்காவது இருக்குமோ?”

“அது எனக்கு எப்டிண்ணே தெரியும்? கைய மடக்கி வைங்க.”

வீட்டுக்கு நடந்தே வந்தேன். முதல் தடவை நீ விட்டாய். என்னைப் போலவே. அப்படியானால் உன்னை எனக்குத் தெரிந்திருந்ததும் உண்மை. பிறகு திரும்பிப் போய்க் கை கொடுத்தாய். அது எனக்குத் தெரியாத எஸ்தர். அன்று நான் இந்த வீட்டில்தானே இருந்திருப்பேன்? டீ போடும்போது ஏன் என்னிடம் சொல்லவில்லை? சொல்லி, நான்தான் எந்த அண்ணன், எந்தப் பாலம் என்று பிடிபடாமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேனா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

அன்று சாயங்காலமே மச்சானுக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்றேன். “வரலாமா மாப்ள? அவ…” என்று இழுத்தார்.

“வீட்ல இப்பம் நான்தான் இருக்கேன் மச்சான். நான் கூப்பிடுதேன்.”

வந்தார். அணுமின் நிலையத்துப் பக்கம் வெல்டிங் வேலை பார்த்து முகம் கறுத்திருந்தது. துண்டம் போட்ட சீலா மீன் ஒரு பையில் கொண்டுவந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்றவரைத் தோளைப் பிடித்து அழைத்துவந்தேன். மீனை அவரே குழம்பு வைத்தார். உன் கைப்பக்குவம் அப்படியே இருந்தது. ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் என்பது எனக்கு ஏன் மறந்துபோனது?

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து அவர் கேட்டார். நான் பயந்துகொண்டிருந்த கேள்விதான்.

“என்னயப் பத்தி எதாச்சும் சொன்னாளா மாப்ள?”

‘மன்னிச்சிட்டா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனுஷன் நிம்மதியாகப் போயிருப்பார். சொல்ல வாய் வந்தது. ஆனால் அது உன் வார்த்தை இல்லையே. “வாயால ஒண்ணும் சொல்லல மச்சான்” என்றேன். பிறகு டிவியைப் போட்டு, உன் ஆட்டத்தைத் திறந்து காட்டினேன். கோட்டைக் கதவு, பாலம், முதல் தடவை விட்டது, மறு தடவை தூக்கியது, மும்தாஜ் சொன்ன அம்பு, எல்லாவற்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். ஒரு விளையாட்டை வைத்து இப்படி ஒருவரிடம் பேசலாமா என்று பாதியில் கூச்சமாக இருந்தது. ஆனாலும் சொல்லி முடித்தேன்.

மச்சான் நெருப்பு முன்னால் இருந்த இரண்டு பேரையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முதல்ல விட்டுட்டா” என்றார்.

“ஆமா.”

“பொறவு தூக்கியிருக்கா. அம்பு விடுததுக்காவும் இருக்கும்.”

“இருக்கும்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சின்னதுலயும் அப்டித்தான். மரத்துல ஏறி மாங்கா பறிச்சுக் குடுக்கணும்னாத்தான் எனக்கு அண்ணன்னு பேரு.” சிரித்துக்கொண்டே இருந்தவர் முகத்தை மூடிக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கையை வைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் முகம் கழுவிவிட்டு வந்தார். “இத நானும் முதல்லருந்து ஆடலாமா மாப்ள?” என்று கேட்டார்.

அவர் பெயரிலும் ஒரு ஆட்டம் தொடங்கியிருக்கிறோம். ஞாயிறு தவறாமல் வருகிறார். ரொம்ப மோசமாக ஆடுகிறார், பள்ளத்தில் விழுந்துகொண்டே இருக்கிறார். தங்கச்சிக்காரி அடிபட்டால் “பைய போ, பைய போ” என்று திரையைப் பார்த்துச் சொல்கிறார். ஆடுகிறது அவர்தான் என்பதே அவருக்கு மறந்துவிடுகிறது. இப்போது ஆற்றைத் தாண்டிவிட்டார். இன்னும் சில வாரங்களில் பாலத்துக்கு வந்துவிடுவார். அண்ணன் தொங்குவான். கை கொடுக்கவோ விடவோ வேண்டியது அவர் விரல்.

எது நடந்தால் நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் தன்னையே தூக்கிவிட்டுக்கொண்டால் அது சரியா? விட்டுவிட்டால் நான் என்ன சொல்லித் தேற்றுவேன்? உனக்கு இதெல்லாம் பிடித்திருக்கிறதா, அல்லது அங்கே கோபமாக இருக்கிறாயா, அதுவும் தெரியவில்லை. அவருக்கும் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் இவ்வளவு நாள் உனக்குப் பதிலாக நாங்களே பேசிக்கொண்டிருந்தோம்.

அதனால் ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். பாலத்தில் நின்றுகொண்டு மச்சான் என் பக்கம் திரும்பி, என்ன செய்ய மாப்ள என்று கேட்டால், ‘எஸ்தர் இருந்தால்’ என்று தொடங்க மாட்டேன். உங்கள் இஷ்டம் மச்சான் என்று சொல்லிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்,
உன் அண்ணனுக்கு மாப்பிள்ளை,
ராஜன்